பெண்ணுக்கு எந்த குரூப்?

மே மாதம் வந்தால் எங்கள் சத்துவாச்சாரியில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, வெயில். வேலூர் வெயிலைப் பற்றி நான் எழுதித்தான் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மற்றொன்று, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு. அது வந்த அன்று சாயங்காலம் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் ஒரு சின்ன மகாநாடு கூடியிருக்கும். "எந்த குரூப்?" என்பதுதான் மகாநாட்டின் ஒரே தீர்மானம்.

எதிர் வீட்டில் கூடிய மகாநாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் அரசாங்கப் பெண்கள் பள்ளியில் படித்தவள். விஞ்ஞானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருந்தாள், கணக்கிலும் குறைவில்லை. தகப்பனார் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டானரியில் கணக்கு எழுதுகிறார். தாயார் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பையன் இதைவிடப் பத்து மார்க் குறைவாக வாங்கிக்கொண்டு வந்தபோது மகாநாடு எதுவும் கூடவில்லை. மறுநாளே அவனை ஃபர்ஸ்ட் குரூப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்போதுதான் யோசனை வந்திருக்கிறது.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றார் தகப்பனார். "அக்கவுண்ட்ஸ் எடுத்தா நானே வீட்டுல சொல்லிக் குடுப்பேன். பாங்கு வேலைக்குப் போகலாம். ஃபர்ஸ்ட் குரூப்னா டியூஷன் வெக்கணும். அதுக்கு மேல டாக்டர், இன்ஜினீயர்னு ஆசை வளரும். யாரு செலவு பண்றது?"

ஆயாவுக்கு வேறு கவலை. "பொட்டப் பொண்ணு ராத்திரி ஒம்போது மணிக்கு டியூஷன்லேந்து வர்றதா? இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?"

பெண் ஒன்றும் பேசவில்லை. உள்ளே நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயசில் நாம் எல்லோரும் அப்படித்தானே நின்றிருக்கிறோம்!

அவர்கள் சொன்னதில் எதுவுமே அநியாயமான பேச்சு இல்லை. பணம், இருட்டு, பஸ், பிற்காலத்துக் கல்யாணம் எல்லாமே நிஜமான கவலைகள். அக்கவுண்ட்ஸ் மட்டமான படிப்பு என்று சொல்கிறவள் நான் அல்ல. அதில் மனம் உள்ள பெண் அதையே எடுக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததிலிருந்து, பதினைந்து வயதில் எடுக்கும் இந்த ஒரு முடிவு பல கதவுகளைத் திறந்துவைக்கிறது அல்லது சாத்திவிடுகிறது. பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் படிக்காதவளுக்கு மருத்துவக் கல்லூரி இல்லை. பௌதிகம், ரசாயனத்தோடு கணக்கும் இல்லாதவளுக்கு இன்ஜினீயரிங் இல்லை. இந்தப் பாடங்களைப் படித்த பெண்ணோ பிறகு மனம் மாறினால் சட்டம் படிக்கலாம், பாங்கு பரீட்சை எழுதலாம், கலெக்டர் பரீட்சைகூட எழுதலாம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழி உண்டு; அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வர வழி கிடையாது. ஜவுளிக்கடையில் புடைவை எடுத்தால்கூட மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தானே பில் போடுகிறோம்!

இதைச் சொன்னபோது தகப்பனார் கொஞ்சம் யோசித்தார். ஆயா மட்டும், "நம்ம ஊர்ல பொம்பளைங்க யாரு அந்தக் காலத்துல சயின்ஸ் படிச்சாங்க?" என்று ஒரு போடு போட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டாலும் கேட்கலாம். வேலூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாமா?

ஆயாவுக்கு அன்றைக்குச் சொன்ன கதையை இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி பிறந்தது, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டையில், 1870-ல். தகப்பனார் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர். வாலிப வயதில் ஐடாவுக்கு டாக்டராகும் ஆசையே இல்லை. படிப்பை முடித்துக்கொண்டு அமெரிக்காவிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்தவர். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு ஹிந்துக் குடும்பத்தவர். மூன்று பேருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். "என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. மூவருமே மறுத்துவிட்டார்கள். அந்நிய ஆண் தொடுவதைவிட அவள் சாவதே மேல் என்பது அவர்கள் எண்ணம். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மறுநாள் காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அந்த இரவுக்குப் பிறகுதான் ஐடா வைத்தியம் படிக்கப் போனார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தார். ஆனால் ஒரு டாக்டரம்மாள் எத்தனை பிரசவத்துக்கு ஓடுவாள்? இந்த நாட்டுப் பெண்களையே டாக்டர்களாக்கினால்தான் விமோசனம் என்று அவருக்குப் பட்டது.

அந்த யோசனையைச் சென்னை அரசாங்கத்தின் வைத்தியத் துறைத் தலைவரிடம் கொண்டுபோனபோது, ஆறு பெண்கள் சேர்ந்தால் ஆரம்பிக்கலாம் என்றாராம் அவர். ஆறு பேர் வருவார்களா என்பதே அவருக்குச் சந்தேகம். வந்த விண்ணப்பங்கள் நூற்றைம்பதுக்கு மேல்! இடமில்லை என்று பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 1918-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வேலூரில் பெண்களுக்கான அந்த மருத்துவப் பள்ளி ஆரம்பமாயிற்று. கட்டடம் இல்லை. ஒரு மைக்ராஸ்கோப், கொஞ்சம் எலும்புகள், சில புத்தகங்கள் இவற்றை வைத்துக்கொண்டு பாடம் நடந்ததாகச் சொல்வார்கள். பெண்கள் யாரும் தேறாவிட்டால் மனம் உடைந்துவிட வேண்டாம் என்று பெரிய மனிதர்கள் முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார்களாம். முதல் பரீட்சைக்குப் போனவர்கள் எல்லோருமே தேறினார்கள். 1922-ல் பதினான்கு பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

அந்த நூற்றைம்பது பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அது 1918. பெண்கள் ஹைஸ்கூல்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலம். எந்தத் தகப்பனாரோ, எந்தத் தாயாரோ, "படிக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் விண்ணப்பம் ஆறைத் தாண்டியிருக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பள்ளி 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புள்ள கல்லூரியாக உயர்ந்தது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான்! ஆக, எங்கள் ஊர் சி.எம்.சி.யில் முதலில் படித்தவர்கள் பெண்கள். சுமார் முப்பது வருஷம் கழித்து ஆண்கள் இடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆயாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"டாக்டருங்க சரிக்கா. அது பொம்பளைங்களுக்கு ஏத்த வேலைதானே?" என்றாள் தாயார். "இன்ஜினீயர், ராக்கெட்டு, அதெல்லாம்?"

அதற்கும் கைவசம் ஆள் இருந்தது.

சென்னையில் 1919-ல் பிறந்தவர் லலிதா. தெலுங்குக் குடும்பம். தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரத் துறைப் பேராசிரியர். படித்த குடும்பம்தான், ஆனாலும் அந்தக் கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் ஆயிற்று. பதினெட்டு வயதில் கையில் ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்த சில மாதங்களில் கணவர் காலமாகிவிட்டார். அந்த நாளில் பதினெட்டு வயது விதவை என்றால் என்னென்ன செய்வார்கள் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். லலிதாவின் தகப்பனார் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை; படிக்க வைத்தார். ராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட்டை முதல் வகுப்பில் தேறினார் லலிதா.

மேலே என்ன படிப்பது? டாக்டர் படிக்கலாம் என்றுதான் எவரும் சொல்வார்கள். லலிதா வேண்டாம் என்றார். ஏன் தெரியுமா? டாக்டருக்கு நடு ராத்திரியில் அழைப்பு வரும். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற வேலையாக இருந்தால் குழந்தையைக் கவனிக்கலாம். ஆகவே இன்ஜினீயரிங்! 'ஆம்பிளைப் படிப்பு' என்று நாம் நினைக்கிற ஒன்றை ஒரு தாயார் தன் குழந்தைக்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு முன் கிண்டியில் பெண் யாரும் படித்ததில்லை. தகப்பனார் கல்லூரித் தலைவரிடமும் கல்வித் துறை அதிகாரியிடமும் பேசி அனுமதி வாங்கினார். லலிதாவுக்குப் பின்னால் லீலாம்மா ஜார்ஜ், தெரேசியா என்ற இரண்டு கேரளப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். 1943-ல் மூவரும் தேறினார்கள். சர்ட்டிபிகேட்டில் அச்சடித்திருந்தது ஆண்பால். அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாலாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்சார இன்ஜினீயர். கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் வருஷக் கணக்கில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் கம்பித் தடங்களுக்கான வேலையில் அவர் கையும் உண்டு. 1964-ல் நியூயார்க்கில் உலகப் பெண் இன்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் முதல் தடவையாக மகாநாடு கூட்டியபோது அதற்கும் போய் வந்தார். குழந்தையையும் வளர்த்தார். 1979-ல் காலமானார்.

வைரத்தோடு கதை ஒன்று உண்டு. பெண் வாசகர்களுக்கு அது பிடிக்கும். திருவாங்கூரில் பீர்மேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மாணிக்கு எட்டாவது பிறந்த நாள். அந்த வீட்டு வழக்கப்படி பெண்ணுக்கு வைரத்தோடு வாங்கிக் கொடுக்க வேண்டும். குழந்தை தோடு வேண்டாம் என்றது. அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியப் புத்தகங்கள் கேட்டது! பின்னால் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் படித்து, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? வைரத்தை! காதில் போட்டுக்கொள்ளாத வைரத்தைக் கருவியில் வைத்து, அதிலிருந்து புறப்படும் ஒளியை மணிக்கணக்காகப் படம் பிடித்து, ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

அவ்வளவு செய்தும் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கவில்லையே என்று பல்கலைக் கழகம் காரணம் சொல்லிற்று. அன்னா மாணி அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து வந்தார். 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழை, காற்று, வெயில் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றை இங்கேயே செய்வதற்குச் சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். 1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். நாட்டில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அவர் சேகரித்த கணக்குகள் 1980, 1981-ல் புத்தகங்களாக வந்தன. நம் வீட்டு மாடிகளில் சூரிய ஒளித் தகடு போடுகிறார்களே, அந்தத் துறைக்கு அவை அஸ்திவாரம்.

அதே ராமன், 1933-ல் கமலா என்ற பெண் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு வந்தபோது, பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தவர். கமலா விடாமல் நின்று, ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற நிபந்தனையின் பேரில் சேர்ந்தார். 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பெரிய விஞ்ஞானிகளுக்கும் சின்னப் புத்தி வருவதுண்டு.

புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியையும், கரும்பு ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ஜானகி அம்மாளையும் பற்றி நேயர்கள் முன்பே படித்திருப்பார்கள். ஆனால் பழைய பெயர்களையே அடுக்கிக்கொண்டு போனால் எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொட்டாவி வந்துவிடும். அவள் கேட்க விரும்பியது செங்கோட்டைக் கதை. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிற்று. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி. செங்கோட்டையில் பிறந்து, அந்த ஊர்ப் பள்ளியிலேயே படித்து, திருநெல்வேலி அரசாங்க இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போன முஸ்லிம் பெண். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் எட்டாவது, பத்தாவதோடு பெண்ணின் படிப்பை நிறுத்திய காலம் இருந்தது. அந்த வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டிய இந்த வட்டாரம் முழுக்கத் தோல் தொழில். ஷூ கம்பெனிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக டிபன் கூடையோடு அவர்கள் நிற்பதைப் பார்க்காத நாள் கிடையாது. ஆனால் தோல் எப்படித் தோலாகிறது என்று கேட்டால் அது முழுக்க முழுக்க ரசாயனம்.

வீட்டில் வாழைப்பூ ஆய்கிறோம். அரிவாள்மணை கறுத்துப்போகிறது, விரல் கறுத்துப்போகிறது. நறுக்கியதை மோரில் போடுகிறோம், அது கறுக்காமல் இருக்கிறது. ஏன்? பூவில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. டானின் என்பது அதன் பெயர். அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். காற்றுப் பட்டும் கறுக்கும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கிறது. கடுக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்கிறதே, அது ஏன் என்றால், டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே டானின் ஆட்டுத் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டால் தோல் அழுகாமல் பதப்படுகிறது! ஆவாரம் பட்டையை ஊற வைத்து நம்மவர் தோல் பதனிட்டது இப்படித்தான். வாழைப்பூவுக்கும் டானரிக்கும் உறவு உண்டென்று சொன்னபோது, எதிர் வீட்டுத் தகப்பனார், "இருவது வருஷமா கணக்கு எழுதறேன், இது தெரியாதே எனக்கு!" என்றார்.

பட்டை போய்க் குரோமியம் வந்தது. சீக்கிரம் வேலை முடியும். தோல் மெதுவாக வரும். முதலில் நீல நிறமாக இருக்கும். கூடவே கஷ்டமும் வந்தது. எங்கள் வட்டாரத்துக் கிணறுகள் கெட்டன. பாலாறு கெட்டது. இங்கத்திய மக்கள் அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி பெயர் பெற்ற ஒரு தீர்ப்பு வந்தது. டானரிகளில் சுமார் 170 வகை ரசாயனங்கள் உபயோகமாகின்றன, ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் கொஞ்சமோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிற்று என்றெல்லாம் அந்தத் தீர்ப்பிலே சொல்லப்பட்டிருக்கிறது.

குரோமியத்தில் இரண்டு ரகம் உண்டு. தோலில் ஏறுவது அவ்வளவு பொல்லாதது அல்ல. மற்றொரு ரகம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இரண்டும் ஒரே உலோகம். வித்தியாசம் எலெக்ட்ரான் கணக்கில். இதைப் பிளஸ் ஒன் ரசாயனப் புத்தகத்தில் ஆக்சிஜனேற்ற எண் என்று நாலைந்து பக்கம் போட்டிருக்கிறார்கள். சென்னையில் அதைப் படிக்கிற பெண்ணுக்கு அது பரீட்சைக் கேள்வி. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது வீட்டுக் கிணறு. குடம் தூக்குகிறவள் அவள்தானே? தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் படிப்பும் அவளுக்கு இருந்தால் என்ன? சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உப்பையும் தண்ணீரையும் குறைத்துத் தோல் பதனிடும் வழிகளை அங்கே ஆராய்கிறார்கள். அந்த வாசலுக்குள் போவதற்கு ஆம்பூர்ப் பெண்ணைவிட உரிமை உள்ளவர் யார்?

ஆனால் ஒன்று. "சமையலறையே ஒரு சோதனைச் சாலை" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வாழைப்பூவோடு நிறுத்திக்கொள் என்றுதான் அதற்கு அர்த்தமாகிவிடுகிறது. பெண்ணுக்கு நிஜமான சோதனைச் சாலை வேண்டும். கண்ணாடிக் குழாயை அவளே கையில் பிடிக்க வேண்டும்.

நான் படித்த பள்ளியில், பெயர் வேண்டாம், சோதனைச் சாலைக்குப் பெரிய பூட்டு ஒன்று தொங்கும். கண்ணாடிச் சாமான் உடைந்தால் யார் பணம் கட்டுவது என்று பயம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அலமாரியில் குடுவைகள் தெரியும். வருஷம் முழுக்க அவற்றை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதினேன். இப்போது பூட்டுகள் குறைந்துவிட்டன. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளிகளில் இன்னொரு வழக்கம் இருப்பதாக உபாத்தியாயினி ஒருவர் சொன்னார். நாலு பேர் சேர்ந்து ஒரு சோதனை செய்தால், கருவியைப் பிடிப்பது பையன். ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதிப் படம் போடுவது பெண். மார்க் இருவருக்கும் சமம். கையில் ஏறுகிற தைரியம் மட்டும் பையனுக்கு. அந்த உபாத்தியாயினி தம் வகுப்பில் ஒரு சட்டம் போட்டுவிட்டாராம்: வாரத்துக்கு வாரம் வேலை மாற வேண்டும். முதல் வாரமே இரண்டு குடுவை உடைந்ததாம். இரண்டையும் உடைத்தவர்கள் பையன்கள்!

அரசாங்கப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாவது வரை படிக்கும் குழந்தைகளுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். விஞ்ஞானச் சாமான்களோடு வகுப்புக்கே ஆள் வந்து சோதனை செய்து காட்டும் ஏற்பாடு. பத்தாவதுக்குப் பிறகு ஆசை காட்டுவதைவிட ஆறாவதிலேயே கையில் கொடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். 2022-லும் 2023-லும் நம் நாட்டு அரசாங்கப் பள்ளிகளைச் சேர்ந்த 750 பெண் குழந்தைகள் ஒரு சின்னச் செயற்கைக் கோளின் பாகங்களுக்கு வேலை செய்தார்கள். 2022 ஆகஸ்டில் ஏவிய முதலாவது கோள் சுற்றுப் பாதையைச் சரியாக அடையாமல் வீணாயிற்று. 2023 பிப்ரவரியில் இரண்டாவது வெற்றியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் தடவை வீணானதும் நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். நம் பெண்களுக்கு மார்க் வாங்கத் தெரிந்த அளவுக்குத் தோற்றுவிட்டு மறுபடி செய்யத் தெரியவில்லை. நாம் கற்றுக் கொடுப்பதில்லை.

பெண்கள் விஞ்ஞானத்துக்கு வருவதில்லை என்று சொல்வதும் இப்போது பொய்யாகிவிட்டது. 2021-22-ஆம் வருஷத்து அகில இந்தியக் கணக்குப்படி, கல்லூரிகளில் விஞ்ஞானப் பாடங்கள் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பெண்களே அதிகம்! பிறகு எங்கே கோளாறு? இன்ஜினீயரிங்கில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர்தான். ஆராய்ச்சித் துறையிலோ 2018-ஆம் வருஷக் கணக்குப்படி நூற்றுக்குப் பதினேழு பேர் தேறமாட்டார்கள். படித்த பெண்கள் எல்லாம் நடுவில் எங்கே போனார்கள்? கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட்டுக்கொண்டு போனார்கள். குழந்தை, மாமியார், ஊர் மாற்றம் என்று சில வருஷம் விட்டுப்போனால் திரும்ப வாசல் கிடைப்பதில்லை. அப்படி விட்டுப்போனவர்கள் திரும்பி வருவதற்கென்றே மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞானத் துறை 2002-லிருந்து உபகாரச் சம்பளம் கொடுத்து வருகிறது. மருமகள் எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாள் என்று பெருமைப்படும் மாமியார்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

செலவைப் பற்றியும் பேசினோம். எதிர் வீட்டுத் தகப்பனார் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்; கணக்கு எழுதுகிறவர் அல்லவா! ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசாங்கப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், இன்ஜினீயரிங்கில் 2021 முதலும் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 சதவிகித இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புச் செலவையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். இவர்களுடைய பெண் அரசாங்கப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்குப் போனால் இந்தச் சலுகையெல்லாம் கைநழுவிவிடும். இது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல வேளை, சேர்ப்பதற்கு முன்னால் பேசினோம்.

டியூஷன் விஷயத்தில் ஆயா இறங்கி வரவில்லை. ஒன்பது மணி என்பது ஒன்பது மணிதானே? கடைசியில் பெண்ணே வாயைத் திறந்தாள். "காலையில ஆறு மணி டியூஷனும் இருக்கு ஆயா. எங்க கிளாஸ்ல நாலு பேரு சேர்ந்து போறோம்னு பேசி வெச்சிருக்கோம்." முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி!

"ஆறு மணிக்கா? அதுக்கு நான் நாலரைக்கு எழுந்து டீ போடணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஆயா உள்ளே போனாள். தகப்பனார் என்னைப் பார்த்தார். தாயார் தையல் மெஷினில் பாதியில் நின்ற ரவிக்கையை எடுத்து வைத்துவிட்டு, அட்மிஷனுக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் வேண்டும் என்று மகளிடம் கேட்க ஆரம்பித்தாள்.